வளைகாப்பு முடிந்ததும் வண்டி எந்தப் பக்கம் திரும்பும்?

தங்கைக்கு இப்போது ஏழாம் மாதம். கார்த்திகை நடுவில் நாள் குறித்திருக்கிறார்கள். ஐப்பசியில் வளைகாப்பு. அது முடிந்து மண்டபத்திலிருந்து கிளம்பும் கார் சேலம் அஸ்தம்பட்டி ரவுண்டானாவைத் தாண்டி, கோரிமேடு வழியாக ஏற்காடு மலை ஏறி எங்கள் அம்மா வீட்டுக்குப் போகுமா, குகைப் பகுதியில் அவள் மாமியார் வீட்டுக்கே திரும்புமா, இல்லை அம்மாப்பேட்டையில் என் வீட்டு வாசலில் வந்து நிற்குமா? இரண்டு வாரமாக எங்கள் குடும்பத்தில் இதுதான் பேச்சு.

அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார். “தலைப்பிரசவம் தாய்வீட்டுலதானே, இதுல என்ன யோசனை?” சம்பந்தியம்மா எதிர்த்துப் பேசவில்லை. ஆனால், “எங்க வீட்டுக்கு வர்ற முதல் பிள்ளை, இங்கயே இருந்தா என்ன?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. தங்கையிடம் யாரும் கேட்கவில்லை. முதலில் நானும் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் எதையும் எழுதிப் பார்த்தால்தான் நம்புகிற ஆள். பழைய டைரியில் மூன்று கட்டம் போட்டு, எத்தனை அறை, குளியலறை எங்கே, செலவு எவ்வளவு என்று நிரப்ப ஆரம்பித்தேன். பாதியில் அடித்துவிட்டேன். என் பேறுகாலம் நினைவுக்கு வந்துவிட்டது.

ஒன்பது வருடத்துக்கு முன், மார்கழியில். சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை செய்து பிள்ளை எடுத்தார்கள். பெயர் வேண்டாம். ஏன் அறுவை என்று கேட்டதற்குத் தெளிவான பதில் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆறாம் நாள் என்னை மலைக்கு அழைத்துப் போனார்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் தையல் போட்ட இடத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே போனேன். எங்கள் ஊர் நாகலூர் பக்கம், ஏற்காட்டிலிருந்து இன்னும் அரை மணி உள்ளே. பதினோராம் நாள் ராத்திரி உடம்பு தூக்கிப் போட்டது. பனி என்றுதான் நினைத்தோம். அம்மா இன்னொரு கம்பளியைப் போர்த்திவிட்டாள். விடியற்காலையில் பார்த்தால் தையலில் சீழ். பக்கத்து வீட்டு ஜீப்பை எழுப்பி, மூடுபனியில் முன்னால் ஒருவர் டார்ச் அடித்துக்கொண்டு நடக்க, கீழே இறங்கி வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

உடம்பு சரியானதும் மறுபடி மலைக்குத்தான் போனேன். அங்கே எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் அழுகை வரும். எதற்கென்று எனக்கே தெரியாது. அம்மாவிடம் சொன்னபோது, “எல்லாருக்கும் அப்படித்தான், பச்ச உடம்புக்காரி அழக்கூடாது” என்றாள். அதற்கப்புறம் சொல்லவில்லை. பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகிக் கீழே வரும்வரை யாரிடமும் சொல்லவில்லை.

ஆக, இந்த முறை என் கட்டத்தில் மிஞ்சியவை மூன்றே கேள்விகள். ராத்திரி இரண்டு மணிக்கு உதிரப்போக்கோ காய்ச்சலோ வந்தால் எத்தனை நிமிடத்தில் மருத்துவமனை போகலாம்? அதே இரண்டு மணிக்குப் பிள்ளை அழுதால் அவளோடு இன்னொருவர் யார் எழுந்திருப்பார்? “என்னால முடியல” என்று அவள் யாரிடம் கூசாமல் சொல்லுவாள்?

மலை வீடு

முதலில் நல்லதைச் சொல்கிறேன். அமைதியான இடம். கறிவேப்பிலையும் கீரையும் கொல்லையில் பறித்தது. சித்தி, பெரியம்மா எல்லாரும் கூப்பிடு தூரத்தில். கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வருகிறார். மலைக் கிராமங்களில் ஆஷா என்னும் சுகாதாரப் பணியாளர்களும் உண்டு. பிறந்த வீட்டில் பெண் தன் இஷ்டத்துக்குக் காலை நீட்டிப் படுக்கலாம், பசித்தால் கேட்கலாம். தாய்வீடு என்ற வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள் இதை நினைத்துத்தான் ஏற்படுத்தியிருப்பார்கள்.

ஆனால் எந்த மாதம் என்று பார்க்க வேண்டும். எங்களுக்கு இரண்டு ஏக்கர் காபி. அரபிகா பழம் ஐப்பசி கடைசியில் சிவக்க ஆரம்பித்தால் தை வரை பறிப்பு ஓயாது. அதாவது தங்கை பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும் அந்த இரண்டு மாதமும் அம்மா விடிந்ததிலிருந்து தோட்டத்தில். சாயங்காலம் இடுப்பு வலியோடு வந்து சமைப்பாள். தாய்வீடு இருக்கும், தாய் இருக்கமாட்டாள். என் பேறுகாலத்திலும் இதுதான் நடந்தது. அப்போது இதை ஒரு குறையாகச் சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் பாதை. வடகிழக்குப் பருவமழை இந்த மலைக்குச் சும்மா வந்துவிட்டுப் போகாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது நினைவிருக்கும். குப்பனூர் வழி ஒன்று இருக்கிறது, உண்மைதான். ஆனால் உதிரப்போக்கோடு ஒருத்தியைச் சுற்றுவழியில் கூட்டிப்போக நினைத்துப் பாருங்கள். 108ஐக் கூப்பிட்டாலும் அது ஏறி வர வேண்டும், திரும்பி இறங்க வேண்டும்.

பேறுகாலத்தில் உயிருக்கு ஆபத்தாகும் ரத்தப்போக்கு பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வருவது. ஆனால் ஆபத்து அதோடு முடிந்துவிடுவதில்லை. ரத்த அழுத்தம் எகிறி வலிப்பு வருவது பிரசவத்துக்குப் பின்னும் நடக்கும், குறிப்பாக முதல் வாரத்தில். தொற்றும் காய்ச்சலும் என்னைப் போலப் பத்து நாள் கழித்துக்கூட வரும். கடுமையான தலைவலி, கண் மங்கல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனைந்துபோவது, நாற்றத்தோடு தீட்டு, மூச்சு வாங்குவது, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல்: இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மலையில் இருந்தால் காத்திருக்கத்தான் தோன்றும். இருட்டில் யாரை எழுப்புவது என்ற தயக்கம்தான், வேறென்ன?

தங்கைக்கு ரத்தம் குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போன மாதம் ஹீமோகுளோபின் 9.4. கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனாலே சோகைதான். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்தக் குறை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அவளுக்கு இரும்புச்சத்து மருந்தை டிரிப்ஸில் ஏற்றியிருக்கிறார்கள், ஏறிக்கொண்டிருக்கிறது. இருந்தாலும் ரத்தம் குறைந்த உடம்பு, சாதாரணப் போக்கைக்கூடத் தாங்காது. ரத்த வங்கி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது இவளைப் பொறுத்தவரை சின்ன விஷயம் இல்லை.

குளிரையும் சொல்ல வேண்டும். கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். மார்கழி, தையில் பிறந்த குழந்தையின் உடம்புச் சூடு சீக்கிரம் இறங்கும். தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்துப் போர்த்துவதுதான் நல்ல வழி. ஆனால் எங்கள் பக்கத்தில் செய்வது, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கரிச் சட்டியை வைப்பது. மூடிய அறையில் கரி எரிந்தால் வாசனையே இல்லாத நச்சுக் காற்று சேரும், தூக்கத்திலேயே உயிர் போய்விடும். இதை அப்பாவிடம் சொன்னபோது, “நீங்க ரெண்டு பேரும் அப்படித்தான் வளந்தீங்க” என்றார். கூரை ஓடும் ஜன்னலும் ஓட்டையாக இருந்த காலம் அது. இப்போது காங்கிரீட்டும் அலுமினிய ஜன்னலும் வந்துவிட்டன.

இதே பிரசவம் பங்குனியில் என்றால் நான் மலைக்குத்தான் ஓட்டுப் போட்டிருப்பேன். பறிப்பு முடிந்திருக்கும், பாதை காய்ந்திருக்கும், கீழே சேலம் கொதிக்கும்போது மேலே மின்விசிறி இல்லாமல் தூங்கலாம். உங்கள் தாய்வீடும் இப்படி ஒரு மலையிலோ தோட்டத்திலோ இருந்தால், நாள் குறித்த மாதத்தையும் அந்த ஊரின் வேலைக் காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

குகை

மாமியார் வீடு என்றதும் நாம் எல்லாரும் முகத்தைச் சுளிக்கிறோம். நானும் சுளித்தேன். ஆனால் நிமிடக் கணக்கில் இந்த வீடுதான் முதலிடம். அரசு மருத்துவமனைக்குப் பத்து நிமிடம், ராத்திரியில் அதுகூட வேண்டாம். இரண்டாம் கேள்விக்கும் இங்கே ஒரு பதில் இருக்கிறது: பிள்ளையின் அப்பா.

தாய்வீட்டு வழக்கத்தில் எனக்குப் பிடிக்காத ஒன்று இதுதான். பிள்ளை பெற்றவள் மூன்று மாதம் அம்மா வீட்டில், பெற்றவன் ஞாயிற்றுக்கிழமை பழப் பையோடு வந்து, பிள்ளையை இரண்டு நிமிடம் தூக்கிப் பார்த்து, கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுப் போகும் விருந்தாளி. துணி மாற்ற, ஏப்பம் விடத் தட்டிக்கொடுக்க, தோளில் போட்டு உலாத்த அவன் கற்றுக்கொள்ள வேண்டிய நாட்களெல்லாம் அங்கேயே போய்விடுகின்றன. பிறகு அவன் வளர்ப்பில் உதவுவதில்லை என்று குறைப்படுகிறோம். எங்கள் மாப்பிள்ளை கொலுசுப் பட்டறைக்காரர். அங்கே விடுப்பு என்று ஒன்று கிடையாது, செய்தால் கூலி. தனியாரில் வேலை செய்யும் தகப்பனுக்கு விடுப்பு தரச் சொல்லும் சட்டமும் இல்லை. ஆனால் ராத்திரி அவருடையதுதானே?

குறைகள் என்று பார்த்தால், படுக்கை மாடியில், கழிவறை கீழே. படி செங்குத்து. அறுவை என்றாகிவிட்டால் அந்தப் படி அவளுக்கு ஆகாது. கூடத்திலேயே வளையம் கோக்கும் வேலை நடப்பதால் காலையிலிருந்து ஆட்கள் வந்து போவார்கள். பால் கொடுக்க ஒரு மறைவு வேண்டுமே. சம்பந்தியம்மாவுக்கு மூட்டுவலி. நல்ல மனுஷி, ஆனால் பேறுகாலத்துக்கென்று முப்பது வருடத்துக்கு முந்தைய சட்டங்களை அப்படியே வைத்திருப்பவர். முப்பது நாள் தீட்டு, தனித் தட்டு, தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிறு பெருத்துவிடும். இதில் தண்ணீர்ச் சட்டம் மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் எடுக்கும், தண்ணீரைக் குறைத்தால் மலச்சிக்கலும் நீர்க்கடுப்பும்தான் மிச்சம். நான் பட்டிருக்கிறேன், எனக்கு மலை வீட்டிலும் இதே சட்டம்தான்.

வாதாடிப் பயனில்லை என்று, அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது சம்பந்தியம்மாவையும் கூடக் கூட்டிப்போனேன். கேள்வியை அவரையே கேட்கச் சொன்னேன். செவிலியர் பதில் சொன்னார். சம்பந்தியம்மா ஒன்றும் பேசவில்லை. பஸ்ஸில் வரும்போதும் பேசவில்லை.

அம்மாப்பேட்டை

மூன்றாவது, அம்மா மலையிலிருந்து இறங்கி என் வீட்டுக்கு வருவது. மருத்துவமனைக்குக் கால் மணி நேரம். எல்லாம் ஒரே தளம், குளியலறை அறைக்கு எதிரே. ஆனால் எங்கள் வீட்டுக்காரருக்கு ஷிப்ட் வேலை, நான் காலை ஒன்பதரைக்குக் கிளம்பினால் சாயங்காலம்தான். நாலாம் வகுப்புப் படிக்கும் ஒருத்தி வேறு சத்தமாக வீட்டுப்பாடம் செய்வாள். அம்மா வராவிட்டால் பகலில் இந்த வீட்டில் யாருமே இல்லை. அம்மா வந்தால் காபிப் பழம் செடியிலேயே காயும். இதில் யார் மானம் எங்கே போகும் என்ற கணக்கும் உண்டு. பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைக்காமல் அக்கா வீட்டில் விட்டார்கள் என்று இரண்டு பக்கத்திலும் பேசுவார்கள். பேசட்டும்.

எங்கே பெறுவது

இந்தக் கேள்வியில் மட்டும் நான் சீக்கிரம் முடிவுக்கு வந்தேன். ஏற்காட்டிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. சுகப்பிரசவமாக இருந்து, உடம்பில் ஒரு குறையும் இல்லாவிட்டால் அங்கே பார்ப்பதில் தவறில்லை. சிக்கல் என்றால் சேலத்துக்குத்தான் அனுப்புவார்கள் என்பதால், ரத்தம் குறைந்த தங்கைக்கு அது சரிவராது. மிச்சம் இருப்பவை சேலம் ஜி.ஹெச்., அதாவது மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அல்லது தனியார்.

தனியாரில் தனி அறை, கூட இருக்க இடம், ஒரே டாக்டர் கடைசிவரை. இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. வலியில் இருப்பவளுக்குத் தெரிந்த முகம் ஒரு மருந்து. மறுபக்கம், அதே குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 விழுக்காடு அறுவை. அரசு மருத்துவமனைகளில் 36. இத்தனைக்கும், மற்ற இடங்களில் கைவிட்ட சிக்கலான கேஸ்கள் எல்லாம் வந்து சேருவது அரசு மருத்துவமனைகளுக்குத்தான். அறுவையே தப்பு என்று நான் சொல்லவில்லை, வேண்டியபோது அது உயிரைக் காக்கும். ஏன் என்று கேட்டால் புரியும்படி பதில் சொல்லும் இடமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தனியாருக்குப் போகிறவர்கள் அதை எட்டாம் மாதத்திலேயே கேட்டுவிடுங்கள். வலி வந்த பிறகு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார்கள்.

ஜி.ஹெச்.சில் கூட்டம் உண்டு, வராந்தாவில் துணைக்கு நிற்பவர்களுக்கு உட்கார இடம் கிடைக்காது, சில நேரம் அதட்டலும் கேட்கும். ஆனால் ரத்த வங்கியும், பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவும், ராத்திரியிலும் மயக்க மருந்து டாக்டரும் ஒரே வளாகத்தில். பிரசவ அறையில் ஒரு பெண் துணையை அனுமதிக்கும் வழக்கம் அரசு மருத்துவமனைகளில் உண்டு, யார் என்பதை முன்னாலேயே முடிவு செய்து வைத்துக்கொள்ள வேண்டும். தங்கை என்னைக் கேட்டாள். எனக்கு ரத்தம் பார்த்தால் தலை சுற்றும், ஆனாலும் சரி என்றிருக்கிறேன். வீடு திரும்ப 102 தாய் சேய் ஊர்தி காசில்லாமல் கொண்டுவந்து விடும்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் முதல் இரண்டு பிரசவத்துக்கு 18,000 ரூபாய். அதில் 14,000 தவணைகளாக வங்கிக் கணக்கில், மிச்சம் 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். நெய், பேரீச்சம்பழம், சத்துமாவு, இரும்பு டானிக் எல்லாம் அதில் இருக்கும். இதற்கெல்லாம் அடிப்படை பிக்மி பதிவு எண், அதாவது கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்யும்போது கிடைக்கும் எண். பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும். பேறுகாலத்துக்கு ஊர் மாறுகிறவர்கள் இரண்டு ஊர்ச் செவிலியரிடமும் சொல்லிவிடுங்கள். இந்த ஊர்ச் செவிலியர் அவள் அங்கே இருக்கிறாள் என்று நினைப்பார், அந்த ஊர்ச் செவிலியர் இங்கே என்று நினைப்பார், நடுவில் யாரும் வந்து பார்க்க மாட்டார்கள்.

ஆள் வைப்பது

மூன்று வீட்டிலுமே ஆள் போதாது என்பதால் கூலிக்கு ஒருவரை வைக்கும் யோசனையும் வந்தது. எங்கள் பக்கத்தில் அந்த ஆள் என்றால் பிள்ளைக்குத் தண்ணி ஊத்த வரும் ஆயாதான். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்து உருவி எடுப்பார். தெருவில் ஒருவர் இருக்கிறார், போய்ப் பேசினேன். மூக்கில் ஊத மாட்டீர்களே, காதில் எண்ணெய் விட மாட்டீர்களே, உரைமருந்து கொடுக்க மாட்டீர்களே, சாம்பிராணிப் புகை போட மாட்டீர்களே என்று கேட்டுக்கொண்டே போனேன். “அப்ப நான் எதுக்கு வரணும்?” என்றார்.

அந்தக் கேள்வி நியாயமானதுதான். பிள்ளையைத் தூக்க ஆளுக்குப் பஞ்சமே இல்லை. பிள்ளை பெற்றவளின் துணியை அலசத்தான் யாரும் கிடையாது. ஆறு மாதத்துக்குப் பிள்ளைக்கு வேண்டியது தாய்ப்பால் மட்டும், அதை வேறு யாரும் கொடுக்க முடியாது. வேறு யாராலும் செய்ய முடிகிற வேலைகள்தான் மற்றதெல்லாம்: துணி, சமையல், பாத்திரம், வந்தவர்களுக்கு டீ போடுவது. அதற்கு ஆள் வையுங்கள். நாங்கள் அந்த ஆயாவின் மருமகளைப் பகல் வேலைக்குப் பேசியிருக்கிறோம். பிள்ளைக்குத் தண்ணி ஊத்த வாரம் இரண்டு நாள் ஆயாவும் வருவார், என் கண் முன்னால்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பூண்டுக்குழம்பு, சுறாப்புட்டு, மிளகு ரசம், பிரசவ லேகியம் எல்லாம் மூன்று வீட்டிலும் உண்டு. சர்க்கரை இருப்பவர்கள் லேகியத்தில் எவ்வளவு வெல்லம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். முட்டை, கீரை, பருப்பை யாராவது பத்தியம் என்று நிறுத்தினால் மட்டும் சண்டை போடுங்கள். இரும்பு மாத்திரையைப் பிரசவத்தோடு நிறுத்திவிடக் கூடாது, அதன் பிறகும் ஆறு மாதம்.

மூன்றாம் கேள்வி

பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு. இரண்டு வாரத்தில் தானே அடங்கிவிடும். அடங்காமல் நீண்டால், தூங்க நேரம் கிடைத்தும் தூக்கம் வராவிட்டால், பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால், செத்துப்போகலாம் என்று தோன்றினால் அது நோய். மருந்தும் பேச்சும் கேட்கும் நோய். 14416 மனநல எண் ராத்திரி பகல் எந்நேரமும் உண்டு, தமிழில் பேசுவார்கள். ஒருத்தி சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தாலோ, காதில் குரல் கேட்கிறது என்றாலோ எண்ணெல்லாம் வேண்டாம், நேராக மருத்துவமனை. கோயிலுக்கு அப்புறம் போய்க்கொள்ளலாம்.

வேலூர் பக்கம் கணியம்பாடியில் நடந்த ஒரு ஆய்வு 2002இல் வெளிவந்தது. கிராமத்துப் பெண்களைக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலிருந்து பிரசவத்துக்குப் பின்வரை தொடர்ந்து பார்த்தார்கள். 100இல் 11 பேருக்குப் புதிதாக மனச்சோர்வு. யாருக்கு வந்தது என்று பார்த்த இடம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது: வருமானம் குறைந்தவர்கள், ஆண் பிள்ளை எதிர்பார்த்த இடத்தில் பெண் பெற்றவர்கள், வேலைக்குக் கைகொடுக்க ஆள் இல்லாதவர்கள், மாமியாரோடு ஒத்துப்போகாதவர்கள். கூடவே, பெற்றோரோடு ஒத்துப்போகாதவர்கள். மாமியார் வீடு என்றால் கஷ்டம், தாய்வீடு என்றால் நிம்மதி என்ற நம் கணக்கு அந்தக் கடைசி வார்த்தையில் உடைந்துவிடுகிறது. என் அம்மா என்னை உயிராகப் பார்த்துக்கொண்டாள். அழுகையை மட்டும் அவளால் கேட்க முடியவில்லை.

பெண் பிள்ளை விஷயத்தில் நம் மாவட்டத்துக்குப் பழைய கதை ஒன்று உண்டு. தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992இல் முதலில் சேலத்தில்தான் தொடங்கினார்கள், பெண் சிசுக்கொலைதான் காரணம் என்று எல்லாருக்கும் தெரியும். காலம் மாறியிருக்கிறது. ஆனால் மூன்று வீட்டிலும் “பையன்தான், வயித்தைப் பாத்தாலே தெரியுது” என்று யாராவது சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அம்மா, சம்பந்தியம்மா இரண்டு பேரிடமும் அதை இனிமேல் சொல்லாதீர்கள் என்று கேட்டிருக்கிறேன்.

வேலை பற்றியும் அவளுக்கு ஒரு கவலை. ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் கடை என்பதால் முதல் இரண்டு பிள்ளைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு உண்டு. அதில் பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் எட்டு வாரம். முன்னால் எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவு பின்னால் குறையும். அதனால் முடிந்தவரை போகிறேன் என்கிறாள். கடைகளில் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இலேயே சட்டம் வந்துவிட்டது. அவள் கடையிலும் இருக்கை இருக்கிறது, அதன் மேல் துணிப் பண்டல் இருக்கிறது.

எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டுத்தான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது தங்கையிடமே கேட்டேன், உனக்கு எங்கே இருக்கணும் என்று. யோசிக்கவே இல்லை அவள்.

“ராத்திரி அவரு கூட இருக்கணும்க்கா. அத்தை நல்லவங்கதான், ஆனா தையல் வலிக்குதுன்னு அவங்ககிட்ட சொல்லக் கூச்சமா இருக்கும். அம்மா வேணும், மலை இப்ப வேணாம். நீ அன்னிக்கு ஜீப்புல வந்தப்ப பாப்பாவை மடியில வெச்சிருந்தது நான்தானே.”

அதை நான் மறந்தே போயிருந்தேன். அப்போது அவளுக்குப் பதினாறு வயது.

ஆகவே இப்படி ஒரு ஏற்பாடு. பிரசவம் ஜி.ஹெச்.சில். முதல் 45 நாள் என் வீட்டில். அம்மா முதல் மூன்று வாரம் வந்து இருப்பாள், பறிப்புக்கு அப்பா கூலி ஆள் வைப்பார், கொஞ்சம் பழம் காயும். மாப்பிள்ளை பட்டறை முடிந்து ராத்திரி இங்கே வந்து படுப்பார். பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை பிள்ளைக்குத் துணி மாற்றுவது, ஏப்பம் விடவைப்பது, உலாத்துவது அவர் பொறுப்பு. பசிக்கு மட்டும் தங்கையை எழுப்புவார். இரண்டு மணிக்கு மேல் அம்மா, அம்மா ஊருக்குப் போனபின் நான். பெயர் வைக்கும் விசேஷம் குகையில், அதில் யாரும் தலையிடப்போவதில்லை. பொங்கல் ஒட்டி பிள்ளைக்கு ஆறு வாரத் தடுப்பூசி. அன்றே இவளையும் டாக்டரிடம் காட்டிவிட்டு, பனி குறைந்து மாசி பிறந்ததும் மலை. அப்போது காபி பூக்கிற நேரம், அம்மாவும் வீட்டில் இருப்பாள். பங்குனி வெயில் முழுக்க மேலேயே இருக்கட்டும்.

சம்பந்தியம்மாவுக்கு இதில் முதலில் வருத்தம்தான். இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை ஒரு பழைய தேக்குக் கட்டிலைப் பிரித்து, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். படிக்காமல் என்னைச் சுற்றிக்கொண்டிருந்த மகள்தான் கட்டில் கால்களுக்கு நடுவே துணியில் சுற்றியிருந்த பித்தளைச் சொம்பைக் கண்டுபிடித்தாள். நன்றாகப் புளி போட்டுத் தேய்த்த சொம்பு, ஒரு படிக்கு மேல் பிடிக்கும்.

“அம்மா குடுத்து விட்டாங்கக்கா,” என்றார் மாப்பிள்ளை. “தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லணுமாம். ஆனா வெந்நீர்தானாம்.”